ஆலம்பரையில் எடுத்த படம்

பிப்ரவரி 8, 2025
எனக்கும் பிரவீன்குமாருக்கும் கல்யாணம், இன்னும் ஒரு மாதம். நாளை போட்டோ ஷூட். எந்தப் புடவை என்று மூன்று முறை போன் செய்தார். மூன்றாம் முறை அவரே முடிவு செய்துவிட்டார்.

பிப்ரவரி 9
விழுப்புரத்திலிருந்து பிரவீனும் அவர் தங்கை அருணாவும் காரில் வந்து, திண்டிவனத்தில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். மரக்காணம் தாண்டி ஆலம்பரைக் கோட்டை. இடிந்த செங்கல் மதில். கீழே அலையில்லாத உப்பங்கழி. பிரெஞ்சுக் கப்பல்கள் நின்ற துறை. கோட்டையை யார் இடித்தது என்று போட்டோகிராபர் ராஜ்குமார் கேட்டார். படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஹிஸ்டரி கிளாஸ் முடிஞ்சுதா மேடம்?" என்றார் பிரவீன். எல்லோரும் சிரித்தோம்.

மதில்மேல் நின்றதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் விழாமலிருக்கப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். இறுக்கிக்கொண்டே போனார். காதோரம், மெதுவாக: "எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்காத. சிரி."

சிரித்தேன்.

திரும்பும்போது அருணா, "அண்ணனுக்குக் கோவம் ஜல்தியா வரும், ஜல்தியா போயிடும் அண்ணி" என்றாள். இதற்கு முன் யாரிடம் வந்து போனது?

பிப்ரவரி 10
முழுக்கைச் சுடிதார். அம்மா கவனிக்கவில்லை.

பிப்ரவரி 14
படங்கள் வந்தன. அவற்றில் என் மணிக்கட்டில் தடமே இல்லை. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

ராஜ்குமாருக்குப் போன் செய்தேன். "ரீடச்ல எடுத்துட்டேங்க மேடம். பரு, தழும்புன்னா கேக்காமயே எடுத்துடுவோம்." கொஞ்சம் தயங்கினார். "இது நாலு வெரலுங்க."

திருத்தாத படத்தைக் கேட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 15
பிரவீனிடமிருந்து ஒரே வரி: "ஒரிஜினல் எதுக்கு?" கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. யார் சொன்னது? பதில் போடவில்லை. பதினோரு முறை அழைத்தார். பன்னிரண்டாவது அழைப்பு அப்பாவுக்கு.

பிப்ரவரி 17
அப்பாவிடம் காட்டினேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவர், தூசி படிந்த விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மறுபடியும் பெரிதாக்கினார். பத்திரிகை வைத்தாயிற்று, சொந்தத்தில் எப்படித் தலைகாட்டுவது என்று அம்மா அழுதாள். நான் சொல்லாமலே இருந்திருக்கணுமா? என் கைதானே அது—

பிப்ரவரி 18
முதல் பஸ்ஸில் விழுப்புரம் போக அப்பா சட்டை போட்டுக்கொண்டார். நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் மஞ்சள் பையில் வைத்திருந்தேன். அம்மா வந்து இரண்டையும் வெளியே எடுத்தாள்.

உள்ளே போய் ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்தாள். புடவையை மடிப்புக் கலையாமல் அதில் வைத்தாள், மேலே மோதிரம். அப்பாவிடம் நீட்டினாள்.

"திருப்பிக் குடுக்கறதை மஞ்சப்பையில எடுத்துக்கினு போவக் கூடாதுங்க."