பெரியாச்சியின் மேல் துரு இல்லாத ஒரு காயம்

என் மச்சான் தனபாலுக்கு, பாசம் பாதி கோபம் பாதியாகக் கலந்து எழுதுவது.

நீ போனபின் ஒரு தீபாவளியும் வந்து போய்விட்டது. சிராங்கூன் ரோட்டில் விளக்குகளைக் கட்டி, அவிழ்த்தும் ஆயிற்று. உன் தங்கச்சி வாசுகி முறுக்கு சுட்டு, பழக்கதோஷத்தில் உனக்கென்று ஒரு டப்பாவில் எடுத்து வைத்தாள். அப்புறம் அதைத் திறக்கவும் மனசில்லாமல் அப்படியே வைத்திருக்கிறாள். செங்காங்கில் உன் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டோம். உன் கப்பல் பெட்டி மட்டும் இங்கே, என் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டி விஷயமாகத்தான் உன்னிடம் பேச வேண்டும்.

கூடவே படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாம் இரண்டு பேரும் தலை நரைத்த பிறகும் விண்கலப் பொம்மை வைத்து விளையாடியவர்கள். உள்ளங்கை அளவுக் கப்பல்கள். யாரோ விளையாடிச் சலித்ததை வாங்கி, பழைய பெயின்டைக் கரைத்து எடுத்து, புதிதாக அடிப்போம். அடித்து முடித்ததும் அதை அழுக்காக்குவோம். நம் பாஷையில் அது வெதரிங். பாத்திரம் தேய்க்கிற பஞ்சைப் பிய்த்துப் பெயின்டில் தொட்டு ஒற்றினால், பல வருஷம் அடிபட்ட கப்பல் மாதிரி ஆகிவிடும். பெயின்ட் அடிப்பதைவிட இதில்தான் நமக்கு ருசி அதிகம். சனிக்கிழமையானால் ஜாலான் புசாரில் அந்த மேல்மாடி விளையாட்டுக் கடையில், நட்சத்திரம் அச்சடித்த விரிப்பின் மேல், ரூலரும் பகடையுமாகச் சண்டை.

நமக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். எவன் கப்பலில் குண்டு பட்டாலும், சுட்டவன்தான் அந்தக் காயத்தை வரைய வேண்டும். அதனால் உன் பெட்டியில் எந்தக் கப்பலை எடுத்தாலும் என் கை தெரியும். என் பெட்டியில் உன் கை. பெரியாச்சி மட்டும் விதிவிலக்கு. உன் படையின் தாய்க்கப்பல், அவளை எத்தனை வருஷம் குறி வைத்திருப்பேன்? எஞ்ஜின் பக்கம் நீயே பூசிய புகைக்கறை தவிர அவள் மேல் ஒரு கீறல் கிடையாது. "மாப்ள, அவளைத் தொட நீ இன்னொரு பிறவி எடுக்கணும்" என்பாய்.

போன மாதம் தூசி தட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். பெரியாச்சியின் இடப்பக்கத்தில், எஞ்ஜினுக்குச் சற்று முன்னால், ஒரு காயம் இருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? முதலில் வாசுகியைத்தான் கேட்டேன், கீழே போட்டாயா என்று. அவள் முறைத்த முறைப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

"கீழ போட்டா உடையும். அழகா பெயின்டா அடிச்சுக்கும்? அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரு, நீங்க கப்பலுக்கு சிஐடி வேலை பாக்குறீங்க லா."

அவள் சொன்னது நியாயம்தான். உடைந்த காயம் இல்லை அது, வரைந்த காயம். பஞ்சால் ஒற்றிய என் கை இல்லை. மெல்லிய பிரஷ்ஷால் இழுக்கிற உன் கையும் இல்லை. அப்படியென்றால் மூன்றாவதாக ஒருத்தன் இருக்கிறான். பெரியாச்சியை அவன் சுட்டிருக்கிறான். கடைசி மாதங்களில் டயாலிசிஸ் முடிந்து வந்து, "களைப்பா இருக்கு மாப்ள, இந்த சனிக்கிழமை வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நீ யாரோடு போய் உட்கார்ந்தாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளா நீ? நம்முடைய இத்தனை வருஷ சனிக்கிழமைகளும் அந்த ஒரு காயத்தைப் பார்த்ததும் எனக்குக் கசந்துபோயின. சோறு இறங்கவில்லை, மச்சான். சும்மா சொல்லவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கருகிய கறுப்பு இருந்தது, ஓரத்தில் வெட்டுப்பட்ட உலோகம் மாதிரி மெல்லிய வெள்ளிக்கோடு இருந்தது. துரு மட்டும் இல்லை. நம் கடையில் காயம் வரைகிற எவனும் கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு துளி துரு வைக்காமல் விடமாட்டான். துரு வைக்காத ஆள் ஒரே ஒருத்தன்தான். மற்றவர்கள் கப்பலைப் பார்த்து, "விண்வெளியில மழையா பெய்யுது, துருப்பிடிக்க?" என்று கேட்டவன்.

செந்தில். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன், நம் பேச்சில் 'ஊர்க்காரன்'. ஷோரூம் கார் மாதிரி பளபளவென்று கப்பல் வைத்திருப்பவன். அளக்கும்போது கப்பலை ஒரு நெல் அளவு நகர்த்தினான் என்று நான் அவனோடு சண்டை போட்டு, "இனி இவன் முகத்திலேயே முழிக்கக்கூடாது" என்று கடைப் படியில் வைத்து நாம் இரண்டு பேரும் முடிவு பண்ணினோமே, அதே செந்தில். அவனோடா?

கடை வாட்ஸ்அப் குழுவில் அவன் நம்பர் இருந்தது. தேக்கா அங்காடிக்கு வரச் சொன்னேன். நான் போவதற்கு முன்பே வந்து, எனக்கும் சேர்த்து கோப்பி வாங்கி வைத்திருந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பெரியாச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இது உன் வேலைதானே?"

"ஆமாங்க" என்றான். மறைக்கவே இல்லை. "நீங்க வர்றதுக்கு இவ்வளவு நாளாகும்னு நினைக்கலீங்க."

என்ன அர்த்தம் என்று கேட்டேன். கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னான். நீயாகத்தான் அவனைக் கூப்பிட்டாயாம். இனி ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன வாரம்.

"'என் மாப்ள எல்லாரையும் சந்தேகப்படுவான், என்னை ஒருத்தனைத்தான் விட்டு வெச்சிருக்கான், நான் போயிட்டா பெட்டியை மூடிட்டு வீட்டோட உக்காந்துடுவான், உன்னால கோபப்படாம அவன்கூட விளையாட முடியுமா'ன்னு கேட்டாருங்க. 'அவரு என்கூடப் பேசவே மாட்டாருங்களே'ன்னேன். அதுக்குச் சிரிச்சாரு. 'பெரியாச்சி மேல நீ ஒரு காயம் வெச்சிடு, யாருன்னு தேடிக்கிட்டு அவனே உன்கிட்ட வந்து நிப்பான்'னாரு."

 அடுத்து நான் கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"நிஜமா அடிச்சியா, இல்ல அவன் சொன்னதுக்காகச் சும்மா வரைஞ்சியா?"

"சும்மா வரைய அவரு விடுவாருங்களா? உடம்பு முடியாம இருக்காரேன்னு நானும் விட்டுக் கொடுக்கலை, அவரும் கொடுக்கலை. சாயங்காலம் சாயங்காலமா உக்காந்து, கடைசி ஆட்டத்துலதான் ஒரு குண்டு பட்டுச்சு. பட்டதும் அவரே பிரஷ்ஷை எடுத்து என் கையில கொடுத்தாருங்க. துரு வெக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், உன் கை மாதிரியே இருக்கட்டும், அப்பத்தான் அவன் கண்டுபிடிப்பான்னாரு."

மச்சான், தேக்கா அங்காடியில் பக்கத்து மேசைக்காரர்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். செந்தில் டிஷ்யூ பாக்கெட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மீன் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

என்னை இந்த அளவுக்கா தெரிந்து வைத்திருந்தாய்? என் கெட்ட குணத்தையே கயிறாகத் திரித்து, அதைப் பிடித்து என்னை இன்னொருத்தன் பக்கம் இழுத்து விட்டிருக்கிறாயே. நேரில் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? மாட்டேன். "உனக்கு என்ன ஆகப்போகுது, வாயை மூடு" என்று அதட்டியிருப்பேன். அது உனக்குத் தெரியும். நீ சாகப்போகிறாய் என்பதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் நான்தான் என்பதும் உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து வாசுகியிடம் சொன்னேன். அவள் பெரியாச்சியைக் கையில் வாங்கி அந்தக் காயத்தைப் பார்த்தாள். அப்புறம், "அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இவ்வளவு அலைஞ்சதில்ல" என்றாள். சொல்லும்போது அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. உனக்கென்று எடுத்து வைத்திருந்த அந்த முறுக்கு டப்பாவை அன்றைக்குத்தான் திறந்தாள். கொஞ்சம் நமுத்துப் போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இந்த சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். உன் படையை அவன் நடத்த, என் படையை நான் நடத்துவேன். செந்திலைச் சந்தேகப்பட மாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் செய்ய என்னால் முடியாது, செய்தால் நீயே நம்பமாட்டாய். என்ன சண்டை வந்தாலும் மேசையை விட்டு எழுந்து வரமாட்டேன். அது சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டியவன், உனக்கு என்றைக்கும் மாப்ள,
சேகர்