மூன்று சொல்லுக்கு மேல் கூடாது

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எனக்கொரு பதவி. கழுத்தில் தொங்குகிறது: "தற்காலிக உதவியாளர், நிலை 3". நிலை 1, நிலை 2 எங்கே என்று தேடினேன். யாருமில்லை. நிலைகுலைந்து ஓடிப்போயிருப்பார்கள்.

இடம், பேருந்து நிலையத்தின் பின்பக்கம், தொலைந்த பொருள் அலுவலகம். பஸ்ஸில் விட்டுப்போனதெல்லாம் இங்கே வரும். பொறுப்பாளர் என் சித்தி. லீவு முழுக்க என்னை இங்கே தள்ளியது அம்மா. தண்ணீர்த் துறையிலிருந்து பேசுவதாக, மூன்று நாள் தண்ணீர் வராது என்று எங்கள் தலைமை ஆசிரியருக்கு நான் போன் போட்டதும், அவர் பயந்து பதினெட்டு வாளி பிடித்து வைத்ததும்தான் காரணம்.

சித்தி போட்ட நிபந்தனை இரண்டு. "இங்க நான் சித்தி இல்ல, மேடம். அப்புறம், போன் பக்கம் கை போச்சு, கை இருக்காது."

ஜூன் 4, செவ்வாய்

வேலை, வரும் பொருளுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவது. பொருள், நிறம், எண்ணிக்கை. மூன்று சொல்லுக்கு மேல் கூடாது. "குடை, கறுப்பு, 1." இன்று பதினொரு கறுப்புக் குடைகள். பதினொன்றுக்கும் ஒரே சீட்டு. இரட்டைப் பிள்ளைகளே பரவாயில்லை.

வாங்க வருபவர் படிவம் நிரப்பி, வெளியே தெரியாத ஓர் அடையாளமும் சொல்ல வேண்டும். பதிவேட்டோடு ஒத்துப்போனால் சித்தி முத்திரை குத்துவாள். டொக். அந்தச் சத்தம் கேட்டால்தான் இங்கே எதுவும் நடந்ததாக அர்த்தம்.

படிவத்தில் "தொழில்" என்றொரு கட்டம். நான் நிரப்பினால் என்ன எழுதுவேன்? "சும்மா"?

ஜூன் 6, வியாழன்

போர் அடித்தது. சீட்டை நீட்டிவிட்டேன்.

"குடை, கறுப்பு, 1. ஒரு கம்பி கழன்றது. கொட்டாவி விடும் காக்கை போல விரியும்."

"மூக்குக் கண்ணாடி, பழுப்பு, 1. இடது காம்பில் பல் தடம். உடையவர் யோசிப்பவர், அல்லது பசியோடு இருப்பவர்."

பக்கத்து மேசை ஸ்டாப்ளர் அண்ணன் (எதைக் கொடுத்தாலும் இரண்டு பின் அடிப்பார்) படித்துவிட்டு மேசையில் தலை வைத்துச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

காக்கையை உடையவர் வந்து கூட்டிப் போனார்.

ஜூன் 10, திங்கள்

காலையில் சித்தி வருவதற்குள், என் சீட்டுகளில் பத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் பஸ்ஸை விட்டுவிட்டுப் படிக்கிறது. முதலில் ஒட்டியது வெள்ளிக்கிழமை வந்த தோல் உறையின் சீட்டு: "கத்தரிக்கோல், வெள்ளி நிறம், 6. எல்லாம் இடது கைக்காரருக்கானவை. பெரியதின் கட்டை விரல் வளையத்தில் சிவப்பு நூல்."

மதியமே ஆள் வந்துவிட்டார். நாற்பது வயது, மீசை, நல்ல சிரிப்பு. முழங்காலில் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என மூன்று நிற முடி. பக்கத்தில் வந்தால் ஷாம்பு வாசனை. மூன்று நாய் வளர்க்கிறாரா, நாய்களுக்கு முடி வெட்டுகிறாரா? சிவப்பு நூலைச் சரியாகச் சொன்னார். சித்தி பதிவேட்டைப் பார்த்தாள். டொக்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. மனுஷன் கையெழுத்துப் போட்டது வலது கையால். சொல்லியிருக்கலாமோ? பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஐயோ.

கத்தரிக்கோலுக்கு உண்மையான சொந்தக்காரி வந்தாள். ஒரு அக்கா, இடது கையால் படிவம் நிரப்பினாள். "தொழில்" கட்டத்தில் "உதவியாளர்" என்று எழுதி, அடித்துவிட்டு, காலியாக விட்டாள். எட்டு வருஷம் பெரிய சலூனில் உதவியாளராம். "வெட்டுனது நானு, பேரு வாங்குனது முதலாளி" என்று சொல்லிச் சிரித்தாள். போன மாதம் வெளியே வந்துவிட்டாள். வரும் சனிக்கிழமை முதியோர் இல்லத்தில் முப்பது பேருக்கு முடி வெட்ட ஒப்புக்கொண்டிருக்கிறாள். சொந்தமாகப் பிடித்த முதல் வேலை. "வேற கத்தரி என் கைக்கு வராது, மேடம்."

சித்தி பதிவேட்டைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். யாருக்கும் தெரியக் கூடாத அடையாளத்தை ஊருக்கே படிக்கக் கொடுத்த மகராசி நான். முத்திரையோ சித்தியுடையது. பதினாலு வருஷத்தில் ஒரு பொருள்கூட ஆள் மாறிப் போனதில்லை.

ஜூன் 12, புதன்

அந்த ஆள் கொடுத்த எண் உபயோகத்தில் இல்லை. முகவரியில் ஒரு பூங்கா இருக்கிறது.

இந்த நோட்டை எடுத்துப்போய்த் திங்கட்கிழமைப் பக்கத்தைச் சித்தியிடம் நீட்டினேன். வலது கை விஷயத்தையும் சேர்த்துத்தான்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"தப்புதான், மேடம்."

மூன்று நிற முடி, ஷாம்பு வாசனை வரிகளை மட்டும் இன்னொரு முறை படித்தாள். பிறகு, நான் சாகும்வரை மறக்க மாட்டேன், போனைத் தூக்கி என் முன்னால் வைத்தாள்.

"அந்த வாளிக் குரல் இன்னும் இருக்கா?"

இந்தப் பக்கம் நாய்களுக்கு முடி வெட்டும் கடைகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் நாற்பது வயதுக் குரலில் பேசினேன். "தொலைந்த பொருள் அலுவலகத்துலேருந்து பேசறோம். கத்தரிக்கோல் வாங்கிட்டுப் போனவர் உங்க கடையிலயா? ஒரு உறைதான் எடுத்துட்டுப் போயிருக்கார். அடுத்த உறையும் சும்மா கிடக்கு. முதல் உறையக் கொண்டு வந்தா ஒத்துப்பார்த்துக் குடுத்துடுவோம்."

ஐந்து கடைகளில் "தெரியாதுங்க". நான்காவது கடையில் மட்டும் "இன்னொரு உறையா?" என்றது ஒரு குரல். பின்னால் நாய் குரைத்தது. "நாளைக்கு வர்றேன்."

ஸ்டாப்ளர் அண்ணன் வெறும் தாளுக்கு நாலு பின் அடித்தார்.

ஜூன் 13, வியாழன்

வந்தார். உறையோடு. அக்காவை அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தோம்.

சித்தி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "உங்க கத்தரிதானே. இத நேரா வெட்டிக் காட்டுங்க."

வலது கையால் வெட்டினார். தாள் மடங்கியது. மறுபடி வெட்டினார், மறுபடி மடங்கியது. இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். அது இன்னும் மோசம். அலமாரிக்குப் பின்னாலிருந்து அக்கா வந்து கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார்.

"நாய்க்கே சரியா வரல" என்று முணுமுணுத்தபடி போனார். நாங்கள் கதைவிட்ட அடுத்த உறையைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை.

அக்கா படிவத்தைத் திருப்பி வாங்கி, காலிக் கட்டத்தில் பெரிதாக எழுதினாள்: முடிதிருத்துநர். டொக்.

ஜூன் 15, சனி

முதியோர் இல்லத்திலிருந்து அக்கா பேசினாள். இருபத்தேழு தலை முடிந்ததாம். மீதி மூன்றும் வழுக்கை, ஆனாலும் வரிசையில் நிற்கிறார்களாம்.

ஜூன் 18, செவ்வாய்

புது ஏற்பாடு. ஜன்னலுக்கு மூன்று சொல் சீட்டு. சித்தியின் பூட்டிய இழுப்பறைக்குள் நீளச் சீட்டு. நீளச் சீட்டு எழுதுவது நான். காக்கை, கொட்டாவி எல்லாம் அனுமதி.

ஜூன் 25, செவ்வாய்

ரயில் நிலையத்து அலுவலகத்திலிருந்து போன். எடுத்தது ஸ்டாப்ளர் அண்ணன். அங்கிருந்து கேட்டார்களாம்: "அடையாளம் எழுதற பொண்ணு இருக்கா? எங்ககிட்ட நாப்பது சாம்பல் நிறப் பெட்டி கிடக்கு." கழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டேன். இன்னும் நிலை 3தான். அட்டைக்கு விஷயம் தெரியாது, பாவம்.

ஜூன் 28, வெள்ளி

கடைசி நாள். என் தண்ணீர்ப் புட்டியைக் காணவில்லை. தேடினால் அலமாரியில், சீட்டுக் கட்டி இருக்கிறது. சித்தியின் கையெழுத்து: "புட்டி, பச்சை, 1."

"அது என்னோடது, சித்தி."

"மேடம். படிவம் நிரப்பு."

அடையாளம்: மூடியில் பல் தடம். சித்தி இழுப்பறையைத் திறந்து நீளச் சீட்டை எடுத்தாள். அதுவும் அவள் எழுத்து. "மூடியில் பல் தடம். உடையவள் எழுதும்போது கடிப்பாள். தொந்தரவு செய்ய வேண்டாம்." பதினாலு வருஷமாக மூன்று சொல்லுக்கு மேல் எழுதாத கை.

"தொழில் காலியா இருக்கு" என்றாள்.

கொஞ்ச நேரம் மூடியைக் கடித்தேன். பிறகு எழுதினேன்: பார்த்து எழுதுபவள்.

சித்தி இரண்டு முறை படித்தாள். "இப்படி ஒரு பதவியே கிடையாது."

"தெரியும், மேடம்."

டொக்.