டோரீன் வீட்டுக் கிளி

கிரிம்ஸ்பி,
நவம்பர் 12

அன்பு மகள் பெத்தனிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மழை வரப்போவதை அப்பாவின் முழங்கால் வானிலைக்காரனுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. உன் ஆய்வுக்குப் பரிசு கிடைத்த செய்தி வந்த ஊர்ப் பத்திரிகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீன் கடை வரை காட்டித் திரிந்தார். சமூகக் கொள்கை என்றால் என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம், "ஏழைங்க ஏன் ஏழையாவே இருக்காங்கன்னு கண்டுபிடிக்கிற படிப்பு" என்று விளக்கம் வேறு. இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

எதிர்வீட்டு டோரீன் உன்னிடம் மனம்விட்டுப் பேசியது என் பேச்சை நம்பித்தான். "நம்ம பெத்தனிதானே, பேரை மாத்திடுவா, தைரியமா சொல்லு" என்று தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னவள் நான். நீயும் சொன்னபடி மாற்றினாய். உன் ஆய்வில் அவள் பெயர் வயலட். அந்த வயலட் ஹீட்டர் செலவுக்குப் பயந்து குளிர்காலத்தில் கோட்டு போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள், ஹீட்டரைத் தன் கிளி இருக்கும் அறையில் மட்டும் போடுகிறாள். பத்திரிகைக்காரன் அந்தப் பக்கத்தையே எடுத்துப் போட்டுவிட்டான். பெயரை மாற்றினாய் கண்ணே, கிளியை மாற்றவில்லையே! கூண்டுக்கு இரண்டு போர்வை போர்த்துகிறவள் இந்தத் தெருவில் வேறு யார்?

இப்போது ஊர் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே வயலட்தான். பிங்கோ ஆடப் போன இடத்தில், எண்களைக் கூப்பிடுகிற கெவின், "வாங்க வயலட், கிளி வெளிய விட்டுச்சா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேலிக்காரன், மனதில் விஷமில்லை. அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனவள் அப்புறம் வெளியே தலைகாட்டவில்லை. "வீடு கதகதன்னு இருக்குடா" என்றே இத்தனை நாளும் மகனிடம் சொல்லி வந்திருக்கிறாள். அவன் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "என் மானத்தை வாங்கிட்டியேம்மா" என்று போனில் கத்தினானாம்.

நூலகத்தில் பகலெல்லாம் ஹீட்டர் போட்டிருக்கும். நானும் அவளும் அங்கே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவோம், ஊர்வம்பு பேசுவோம். இப்போது அங்கும் வருவதில்லை. இந்தக் குளிரில் அவளுக்கு இருந்த ஒரே சூடு அது. சூப் கொண்டுபோனேன். கதவைத் திறக்காமலே, "இதையும் எழுதிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பாத்திரம் வைத்தபடியே இருந்தது, மூடியெல்லாம் பனி.

நீ எழுதியது பொய் என்று சொல்லவில்லை. அரசாங்கத்தின் கண்ணைத் திறக்கும் என்று உன் பேராசிரியர் சொன்னாராமே, திறக்கட்டும். ஆனால் இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு மன்னிப்புக் கடிதம் எதுவும் எழுதாதே. எழுத்து என்றாலே இப்போது பயப்படுகிறாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நேராக நம் வீட்டுக்கு வந்துவிடாதே. பெட்டியோடு அவள் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, டோரீன் ஆன்ட்டி என்று கூப்பிடு. திறக்கிற வரைக்கும் கூப்பிடு, கண்ணே. கடவுள் உன் குரலுக்குப் பலம் கொடுக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா