வழுக்கி விழாத மாமிக்கு

மாமி,

இன்று மகள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஈர மாவுக்கட்டின் வாடை வந்தது. பிள்ளை தாதி மிஸ்ஸியோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாடையோடு உங்கள் முகம் வருகிறது. பிறகு உங்கள் மகனின், என் புருஷனின் முகம். அவன் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் கோபிக்கமாட்டீர்கள்.

வாவியில் வலை வெறுமையாக வந்த நாளில் அவன் என்னை அடித்தான். மீன் நிறையப் பட்ட நாளில் கசிப்பைக் குடித்துவிட்டு வந்து அடித்தான். ஒருநாள் என் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து அம்மியில் மோதப் போனபோது நீங்கள் நடுவே பாய்ந்தீர்கள். அவனுடைய முழங்கை உங்கள் கன்னத்தில் இறங்கியது. இரத்தத்தோடு பல்லொன்று குசினித் தரையில் விழுந்தது. அதைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. என் தலையைத்தான் தடவிப் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவனேதான் உங்களைக் கூட்டிப்போனான். அங்கே உங்களை வாய்திறக்க விடவில்லை. "அம்மா கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டா" என்றான். அப்படியே எழுதினார்கள். மறுகா ஒருநாள் விலா எலும்பு வெடித்தது. அதையும் வழுக்கி விழுந்ததென்றான். புருவம் கிழிந்தபோதும் அதே கதைதான். நான் கூடப் போனால் என் காலை மிதித்துக்கொண்டு நிற்பான்.

உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்த்தால் நிமிர்ந்து நடக்கவே தெரியாத மனுஷி என்றுதான் எவரும் நினைப்பார்கள். தலைச்சுற்று என்று எழுதி அதற்குக் குளிசை கொடுத்தார்கள். அதைப் போட்டபின் உங்களுக்கு உண்மையாகவே கால் தள்ளாடியது, பகலெல்லாம் தூக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, இவரைத் தனியே விடக்கூடாது, மகன் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு டொக்டர் எழுதிவைத்தார். அதை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். விறாந்தையில் குந்தி வாவியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கடைசி அடி ஒரு மத்தியானம். தோணித் துடுப்பை எனக்குத்தான் ஓங்கினான். குளிசை மயக்கத்தில் எழும்ப ஏலாமல் எழும்பி வந்து கையைக் குறுக்கே நீட்டினீர்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்துவிட்டது. மகள் கத்திய கத்தலில் அயல் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களிடமும் அவன் வழுக்கி விழுந்த கதையைத்தான் சொன்னான்.

ஆஸ்பத்திரி வாட்டிலே அவன் தேத்தண்ணி குடிக்க வெளியே போன நேரம் ஒரு இளம் பெண் டொக்டர் வந்தா. கொப்பியைப் புரட்டிவிட்டு, "திரும்பவும் தலைசுத்தி விழுந்தீங்களா அம்மா? குளிசையைக் கூட்டித் தரட்டா?" என்று கேட்டா.

"கூட்டாதீங்க புள்ள" என்றீர்கள். "எனக்குத் தலை சுத்தல்ல. நான் ஒருநாளும் விழல்ல. என்ட மகன் அடிச்சவன். இதில பிழையா எழுதியிருக்கு. எல்லாத்தையும் திருத்துங்க."

டொக்டர் என்னைப் பார்த்தா. நான் என் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"பழசை அழிக்க ஏலாது அம்மா. கீழ புதுசா எழுதலாம். ஒவ்வொரு காயமாச் சொல்லுங்க."

சொன்னீர்கள். பல் போனது முழங்கையால், விலா உதையால், புருவம் அவன் பிடித்துக் கதவில் மோதினதால்.  கடைசிக் காயம்வரை நிறுத்தவில்லை.

அவன் திரும்பி வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டான். "பொய் சொல்லுறியாடி கிழவி!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். சேலைன் கம்பி சரிந்து விழுந்தது. முறிந்த கையோடு கிடந்த உங்கள் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தான். நான் அவன் தோளைக் கடித்தேன், வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. சிற்றூழியர்கள் அவனைத் தரையில் போட்டு அமத்தியபோதுதான் உங்களுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சில் நீங்கள் டொக்டரிடம் சொன்னது: "இதையும் எழுதுங்க."

அவனைப் பொலிஸ் கொண்டுபோனது. சொந்தக்காரர் வந்து குந்தினார்கள். பெத்த தாய் மகனை மறியல் சிறைக்கு அனுப்புவதா என்று ஏசினார்கள்.  வழக்குக்குப் போகும் காலையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவனுக்குப் பிடித்த வாவிச் செத்தல் மீன் குழம்பு காய்ச்சினீர்கள். எனக்கு உங்கள்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

கோர்ட்டு வளவில் பொலிஸ்காரரைக் கெஞ்சி அந்தச் சோற்றுப் பார்சலைக் கொடுத்தீர்கள். அவன் குனிந்து, "விழுந்தனெண்டு சொல்லுங்கம்மா. ஒரு சொல்லுத்தானே" என்றான்.

நீங்கள் அவன் சேட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டீர்கள். "சாப்பிடு மனே. ஆனா நான் விழல்ல" என்றீர்கள். உள்ளே போய் நீதவானிடமும் அதையே சொன்னீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதீர்கள்.

அந்தக் குளிசையை நிறுத்திய பிறகு உங்கள் நடை திரும்பியது. வாவிக்கரைவரை தனியே நடந்து போய்வந்தீர்கள். அவன் மறியலில் இருக்கும்போதே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் அவன் வெளியே வந்து வேலிப் படலையில் நின்றான். மெலிந்திருந்தான். "அம்மா கடைசியா என்னைப் பத்தி என்ன சொன்னவ?" என்று கேட்டான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்னதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலில் உடம்பு கொதிக்கக் கிடந்தபோது என்னிடம் கேட்டீர்களே, "அவனுக்கு இப்பிடிக் காய்ச்சல் வந்தா ஆர் கஞ்சி வெச்சிக் குடுப்பா புள்ள?" என்று. அதை அப்படியே சொன்னேன்.

அவன் படலையில் தலையை முட்டி அழுதான். நான் அழவில்லை என்று உங்களுக்குப் பொய் எழுத என்னால் முடியாது. அழுதேன் மாமி. படலையைத் திறக்கவில்லை.