செல்லாயி குடிக்காத தண்ணீர்

1938, ஆடி 20

செல்லாயிக்கு இன்று காலை காய்ச்சல் கண்டது. இலுப்பூரிலிருந்து மாட்டுவண்டியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவள். தொடை எலும்பு முறிந்து பத்து நாளாகப் படுத்தபடி இருக்கிறாள். சிறுநீர் போவதும் குறைந்துவிட்டது. டாக்டர் என்னைத்தான் கேட்டார்: "தண்ணி குடுக்குறீங்களா, இல்லையா?" வேளை தவறாமல் வைக்கிறேன் என்றேன். வைத்தது உண்மை. குடித்தாளா என்று பார்க்கவில்லை. டம்ளர் நிறைந்திருந்தபோதெல்லாம் ஆயா மறுபடி ஊற்றியிருக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன்.

மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டேன்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போக அந்தச் சட்டி வேணும். நீங்க மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு எடுத்துட்டுப் போறீங்க. ஒங்களுக்கு ஏன் அந்த அசிங்கம்னு வாயக் கட்டிக்கிட்டேன், நர்சம்மா."

அவள் கூசக்கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பினேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் பெட்பேனை எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தபடியே, ஊரில் மழை உண்டா என்று கேட்டேன்.

"எங்கங்க, ஒரு தூத்தலுக்கே வழியக் காணோம்" என்றாள். பிறகு அவளே டம்ளரைக் கேட்டு வாங்கி முழுவதும் குடித்தாள்.

காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. அவளிடம் நான் சொன்னது பாதிதான். முகத்தைத் திருப்பும்போதெல்லாம் மூச்சையும் பிடித்துக்கொள்வேன். இன்று பேசிக்கொண்டே எடுத்ததால் அது முடியவில்லை.