கேற்றடியில் லதீசன்

செவன் கிங்ஸ், இலண்டன்
11.10.2009

அன்பின் சிவனேஸ்வரி மச்சாளுக்கு,

ஜெகதீஸ்வரி எழுதுவது. தொடக்கத்தில் சுகம் விசாரிக்கிற வழக்கத்தை இந்த முறை விட்டுவிட்டேன். முகாமுக்குள் இருக்கிற உங்களிடம் அதை எந்த முகத்தோடு கேட்பது? மகள் துஷ்யா பத்தாம் வகுப்புக்கு ஏறியிருக்கிறாள். எனக்கு மூட்டு உளைவு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

உங்கள் தம்பி, என் மனிசன், கண்மூடிய செய்தியை என் சின்னையா மகன் குருமூர்த்தி அண்ணை முட்கம்பி வேலியடியில் வந்து சொன்னாராம். நீங்கள் ஒரு சொல்லும் பேசாமல் கூடாரத்துக்குள் திரும்பிப் போனீர்களாம். போனில் எனக்குச் சொல்லிவிட்டு அவரே அழுதார். மூன்று மாதமாகப் போகிறது, உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபமென்றால் நியாயம்தான் மச்சாள். மே மாதம் சண்டையில் மகன் லதீசனை ஷெல்லுக்குப் பறிகொடுத்துவிட்டு நீங்கள் தனியே முகாமுக்கு வந்தபோது, நாங்கள் ஒரு கடிதம் போடவில்லை. உங்கள் தம்பி மூன்று தரம் தாளை எடுத்தார். 'என்னத்தை எழுதுறது ஈசு? அக்கா முதல் எழுதட்டும், பிறகு எழுதுவம்' என்று மூன்று தரமும் மடித்து வைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பிழையில் பாதி என்னுடையது.

நடந்ததை நீங்கள் என்னிடமிருந்து அறிய வேண்டும். ஜூன் கடைசியில், அவர் வேலை செய்த யூதப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பன்றிக்காய்ச்சல் கண்டு ஒரு கிழமை பூட்டினார்கள். பன்றி இறைச்சியை வாசலுக்கும் எடுக்காத சனத்துக்கு வந்த காய்ச்சலைப் பார் என்று சிரித்துக்கொண்டே அவர் வாளியோடு போனார். வாசல் கேற்றுத் திறப்பது, கூட்டுவது, திருத்துவது எல்லாம் அங்கே அவர்தானே. ஒவ்வொரு கதவுப் பிடியாக மருந்து போட்டுத் துடைத்தார். மூச்சு இழுக்கிற முட்டு வருத்தக்காரனுக்கு இது தேவையா என்று கத்தினேன். 'பிள்ளையள் திரும்பி வாற இடமெல்லே' என்றார். பள்ளி திறந்த கிழமையே படுத்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினில் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் போய்விட்டார்.

எங்கள் ஆட்கள் பயந்துவிட்டார்கள். சிலர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பினார்கள், சிலர் போனிலேயே அழுது முடித்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை என்றில்லை, அதை இன்னொரு நாளைக்கு வைத்திருக்கிறேன்.

வந்தது பள்ளிக்கூடத்து ஆட்கள்தான். தலைமை ஆசிரியை மிசிஸ் அடெல்மனும் மூன்று தாய்மாரும். வந்து கதிரையில் இருந்தார்கள், ஒரு சொல் பேசவில்லை. கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், சேர்ந்து அழலாம் என்று நான் காத்திருக்கிறேன். அரை மணித்தியாலம் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறார்கள். இதென்ன சனம், அழவும் தெரியாதோ என்று எனக்கு எரிச்சல். கடைசியில் தாங்காமல், 'அவருக்குத் தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி வேணும்' என்று வாயில் வந்ததைச் சொன்னேன். துஷ்யா அதை இங்கிலிஷில் சொல்லி முடிக்கவில்லை, நாலு பேரும் அழத் தொடங்கிவிட்டார்கள். சாவீட்டில் துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம்.

ஏழு நாளும் வந்தார்கள். எங்களுக்கு மச்ச மாமிசம் ஆகாது என்று துஷ்யாவிடம் கேட்டறிந்து, பருப்பும் மரக்கறியும் சமைத்துக் கொண்டுவந்தார்கள். உப்புமில்லை, உறைப்புமில்லை, ஊறுகாய் தொட்டுத்தான் இறங்கியது. ஆனால் அடுப்பு மூட்டாத வீட்டில் என் பிள்ளை ஒரு நேரமும் பசி கிடக்கவில்லை. அதைச் சாகுமட்டும் மறக்கமாட்டேன்.

இரண்டாம் நாள் ஒரு தாய் என்னிடம், லதீசன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். இந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உங்கள் தம்பி ஒவ்வொரு காலையும் கேற்றடியில் நின்று பிள்ளைகளுக்கு மருமகன் கதை சொல்வாராம். லதீசன் கைவிட்டுச் சைக்கிள் ஓடியது, கிணற்றுக்குள் குதித்து அடி வாங்கியது, கணக்கில் நூறு எடுத்தது. மே மாதத்துக்குப் பிறகும் பிள்ளைகள் கேட்டபோது, அவன் சோதினைக்குப் படிக்கிறான் என்றாராம். வீட்டில் அந்தப் பெயரையே எடுக்காத மனிசன், மச்சாள்! உங்கள் பிள்ளையை அந்தக் கேற்றடியில் உயிரோடு வைத்திருந்திருக்கிறார்.

நான் உண்மையைச் சொன்னேன். செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று, காலைச் செபத்தில் யோகலிங்கம், லதீசன் என்று இரண்டு பெயரையும் வாசித்தார்கள். மிசிஸ் அடெல்மனுக்கு நாக்குப் புரளவில்லை, இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். இப்போது கேற்றின் திறப்புக் கொத்து என்னிடம். காலையில் இரண்டு மணித்தியாலம் நிற்கிறேன். பிள்ளைகள் லதீசனின் அம்மா சுகமா என்று கேட்கிறார்கள்.

நீங்கள் முதலில் எழுத வேண்டும் என்று நாங்கள் வீட்டிலிருந்தே காத்திருந்தோம். அந்தத் தாய்மார் மாதிரி வந்திருந்து காத்திருப்பது வேறு என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. கட்டிப்பிடித்து அழ ஏலாது, நடுவில் வேலியும் கடலும். ஐந்து மாதம் பிந்தினாலும் இதோ வந்துவிட்டேன் மச்சாள், உங்கள் கூடாரத்து வாசலில் இருக்கிறேன். தம்பியைப் பற்றி எழுத வேண்டாம். என்னை மன்னிக்கவும் வேண்டாம். லதீசனைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லுங்கோ. அவன் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவான் என்று மட்டும் எழுதினாலும் போதும். நீங்கள் வாய் திறக்கும்வரை நான் எழும்பமாட்டேன்.

உங்கள் தம்பியின்
ஈசு