இரண்டரைச் சுற்று

786
அருப்புக்கோட்டை
10.11.1977

அன்பு மச்சானுக்கு சபுரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உடம்புக்கு எல்லோரும் சௌகரியம். மனசுக்கு எப்படி என்று நீங்கள் கேட்டால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட விளக்கெண்ணெய் நாலு லிட்டர் டின்னில் அடைத்து, லீவு முடிந்து கிளம்பும் உங்கள் ரூம்காரர் காசிம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விளைந்த ஆமணக்கு முத்து. காயவைத்து, வறுத்து, இடித்து, நானே காய்ச்சினேன். இடிக்க வந்த பக்கத்து வீட்டு அழகுத்தாய், "ஏன்க்கா, துபாய்க் காருக்கு வயித்துக்கட்டா?" என்று கேட்டு உலக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அது முழங்கை நீளக் கார், தூரத்தில் நின்று கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு முதலாளி ஓட்டுவார், இஞ்சினைச் சரிபண்ணிக் கொடுப்பது மச்சான் வேலை, பந்தயமெல்லாம் உண்டு என்று நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன்.

"அப்பம் பெரிய மனுசங்க வெளையாட்டுக்கா அண்ணன் மூணு வருசமா வீடு வராம இருக்காக?" என்றாள். நான் இன்னொரு கை முத்தை அள்ளி உரலில் போட்டேன்.

இரண்டு வருஷம் என்று போனீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாக இருந்தது. இப்போது ஜனவரிப் பந்தயம் முடியட்டும் என்கிறீர்கள். பந்தயம் வெள்ளிக்கிழமைகளில் என்பதால் கேட்கிறேன், ஜும்ஆவை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் எழுதும் இஞ்சின் ஊசிக் கணக்கையெல்லாம் என் நோன்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வருகிறேன். புரிந்து எழுதவில்லை. நீங்கள் எழுதியது எதையும் விட மனசில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வரவுக்கு துஆ செய்யும்,
சபுரா பீவி


786
துபாய்
2.12.1977

அன்பு சபுராவுக்கு, வ அலைக்கும் ஸலாம். டின் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் வந்து சேர்ந்தது. ஜும்ஆ தொழுதுவிட்டுத்தான் திடலுக்குப் போகிறோம். கவலைப்படாதே.

புரியாமல் எழுதுகிறேன் என்றாயே, புரியும்படி சொல்கிறேன். இந்த இஞ்சின் பெட்ரோலில் ஓடுவதில்லை. மெத்தனால் என்ற சாராயம், அதில் நைட்ரோ என்று ஒன்று, மூன்றாவது உன் விளக்கெண்ணெய். மூன்றையும் நானே கலக்கிறேன். இஞ்சின் பக்கவாட்டில் ஊசித் திருகு ஒன்று உண்டு. அதை உள்ளே முறுக்கினால் இஞ்சினுக்குப் போகும் கலவை குறையும், வேகம் கூடும், சூடும் கூடும். வெளியே விட்டால் குளிரும், மந்தமாகும். அந்த நடுவைப் பிடிப்பதுதான் என் வேலை. முழுக்க முறுக்கிய இடத்திலிருந்து எத்தனை சுற்று வெளியே விட்டிருக்கிறேன் என்பதுதான் கணக்கு; இந்த வாரம் ஒன்றே முக்கால் சுற்றில் வைத்திருக்கிறேன். சூடு பார்க்க இஞ்சின் தலையில் தண்ணீர்ச் சொட்டு விட்டால் மூன்று எண்ணுவதற்குள் சுண்டுகிறது. ஆனாலும் ஓட்டம் மந்தம்தான். இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டியிருக்கும்.

ஜனவரி 13 பந்தயத்தில் ஜெயித்தால் ஒர்க்‌ஷாப் பொறுப்பை என்னிடம் தருவதாக முதலாளி வில்சன் சொல்லியிருக்கிறார். பொறுப்பு வந்தால் வருஷா வருஷம் லீவு. அதுவரை பொறுத்துக்கொள். ஒன்றும் ஆகாதவனாக ஊரில் வந்து இறங்க எனக்கு மனசில்லை.

முகமது இஸ்மாயில்


துபாய்
15.1.1978

சபுராவுக்கு.

பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த நம் கார் நாற்பதாவது சுற்றில் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன் கீறி ஒட்டிக் கிடந்தது. எண்ணெயில் தண்ணீர் நின்றிருக்கிறது, வேறு காரணம் இல்லை. நீ அவசரத்தில் சட்டியை இறக்கியிருக்கிறாய்.

வில்சன் கைப்பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

லீவு கேட்க எனக்கு முகம் இல்லை. இந்த வருஷம் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

இஸ்மாயில்


786
அருப்புக்கோட்டை
2.2.1978

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்று சமைத்தேன், தொழுதேன், சாப்பிடாமல் படுத்துவிட்டேன். பிஸ்மி சொல்லி அடுப்பு மூட்டிக் காய்ச்சிய எண்ணெய் அது. தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும். அந்தச் சத்தம் அடங்கி, போட்ட முருங்கை இலை மொறுமொறு என்று ஆன பிறகும் கால் மணி நேரம் விட்டுத்தான் இறக்கினேன். அதே ஈட்டு எண்ணெய் ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. சட்டியில் ஊற்றி மறுபடி காய்ச்சிப் பார்த்தேன். ஒரு பொரிவு இல்லை.

என் கண்ணை நானே நம்பிவிடக் கூடாது என்று அழகுத்தாயைக் கூட்டிக்கொண்டு பந்தல்குடிக்கு பஸ் ஏறினேன். உங்களோடு பம்புசெட் வேலை பார்த்த சீனிச்சாமி அண்ணன் அங்கே ரோட்டோரம் லாரி இஞ்சின் பிரிக்கிறார்கள். நான் பாட்டிலை நீட்டியதும், "என்னம்மா, இஸ்மாயிலு அங்க போயி பிரசவம் பாக்குறானா?" என்றார்கள். திரியில் நனைத்துக் கொளுத்தினார்கள். பொரியாமல் எரிந்தது. "எண்ணெய்ல ஒரு குத்தமும் இல்ல" என்றார்கள்.

பிறகு நோட்டை வாசித்தேன். போன வருஷம் ஜனவரியில் ஊசி இரண்டரைச் சுற்று. ஏப்ரலில் இரண்டேகால். நோன்பு மாதத்தில் இரண்டு. டிசம்பரில் ஒன்றே முக்கால்.

"ஒன் எண்ணெய் எப்பம்மா போச்சு?"

"நவம்பர்ல."

"அதுக்கு முந்தியே ஊசி உள்ள போக ஆரம்பிச்சிருச்சே. மாசா மாசம் முறுக்கிக்கிட்டே போயிருக்கான். குடிக்கக் குடுக்காம ஓட்டுனா அது நிக்காம என்ன செய்யும்?" கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். "ஆனா ஒண்ணு. இம்புட்டு முறுக்குனா அது கீச்சு கீச்சுன்னு ஊரைக் கூட்டியிருக்குமே. ரோட்டுல நின்னு பம்புசெட்டுச் சத்தத்தக் கேட்டே வால்வு போச்சுன்னு சொல்ற பய அவன். அவன் காதுல விழலயாக்கும்?"

விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அழகுத்தாயும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தேன். முதல் வருஷக் கடிதங்களில் சத்தம் இல்லாத கடிதம் ஒன்றுகூட இல்லை. குளவி போல என்று எழுதியிருக்கிறீர்கள், பட்டு கிழிவது போல என்று எழுதியிருக்கிறீர்கள். வால் முளைத்த மாதிரி புகை நீளுகிறது என்றும் உண்டு. போன நோன்புக்குப் பிறகு வந்த கடிதங்களில் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. தண்ணீர்ச் சொட்டு மட்டும் இருக்கிறது. காசிம் அண்ணன் வந்திருந்தபோது, "மச்சான் ரூமுல பேச்சுல சேர மாட்டேங்குறாக, பேசுனாலும் சண்டைக்கு நிக்கிற மாதிரி கத்துறாக" என்று குறைப்பட்டார்கள். வெயில் தேசம், கோபம் வரும் என்று நான்தான் உங்களுக்காகப் பேசினேன்.

மச்சான், உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. அதனால்தான் வரவும் தயங்குகிறீர்கள். நான் எழுதுவது தப்பு என்றால் திட்டி எழுதுங்கள், சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

தப்பு இல்லை என்றால், என்னிடமா மறைப்பீர்கள்? மூன்று வருஷமாக நாம் இருவரும் காதில்லாமல்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன குறைந்துவிட்டது? பொறுப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று நான் எப்போதும் கேட்டதில்லை. வாருங்கள் என்றுதான் கேட்டேன்.

அங்கே இருக்கும்வரையாவது ஊசியை நீங்கள் திருப்புங்கள், சத்தத்தைப் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
சபுரா


அருப்புக்கோட்டை
16.3.1978

அன்பு மச்சானுக்கு.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் நம் தெருவுக்குள் வரும்போதே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிடுகிறார். எழுதியிருக்கக் கூடாதோ என்று சில நாள் தோன்றுகிறது. எழுதாமல் இருந்திருந்தால் அந்த எண்ணெய்க் குற்றத்தை நான் ஏற்றுக்கொண்டதாக ஆகியிருக்கும். அதையும் செய்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது.

ஒரு வரி போடுங்கள். கோபமான வரியானாலும் சரி.

சபுரா


786
துபாய்
8.4.1978

என் சபுராவுக்கு, அல்லாஹ் உனக்குப் பொறுமையை இன்னும் கொஞ்சம் தரட்டும்.

நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். நாலாவதில் திட்ட ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் காதுக்குள் எப்போதும் மழை பெய்வது போல இரைந்தது. பிறகு கூர்மையான சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது கேட்பதில்லை. இஞ்சின் எனக்கு மந்தமாகக் கேட்டது, முறுக்கினேன். இன்னும் மந்தமாகக் கேட்டது, இன்னும் முறுக்கினேன். பிஸ்டனைக் கையில் எடுத்தபோதே யார் செய்த தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் உன் எண்ணெய் மேல் போட்டேன். அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

போன மாதம் 24ஆம் தேதி மறுபடி பந்தயம். அதே எண்ணெய், புதுப் பிஸ்டன். காசிமை இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏலே, கீச்சுன்னு கேட்டா கையத் தூக்குடா" என்றேன். "அத மொதல்லயே கேட்டுருக்கக் கூடாதா, நா என்ன காசா கேக்கப் போறேன்" என்று அவன் சொன்னதை வாய் அசைவில் பார்த்துக்கொண்டேன். நன்றாகத் திறந்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி வந்தேன். இரண்டரைக்கு வரும்போதே கையைத் தூக்கிவிட்டான், அங்கேயே நிறுத்தினேன். ஓட்டத்தில் புகை நீலமாக நீண்டது. மூன்றாவதாகத்தான் வந்தோம். கடைசிச் சுற்றுவரை கார் நிற்கவில்லை.

அன்றைக்கே வில்சனிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை இருக்கிறது, விருப்பமானால் இரு என்று. மூன்று நாள் யோசித்தேன். ஊருக்குப் போகிறேன் என்று அதே தாளில் எழுதிக் கொடுத்தேன். சீனிச்சாமியிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

கப்பலில் பம்பாய், அங்கிருந்து ரயில். இன்ஷா அல்லாஹ், மே 5 வெள்ளிக்கிழமை காலை மதுரை பஸ்ஸில் வந்து இறங்குவேன். ஸ்டாண்டில் கூட்டமும் ஹாரனுமாக இருக்கும். பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, இவர் திரும்பவில்லையே என்று நின்றுவிடாதே. எனக்கு எதிரே வந்து நில்.

இஸ்மாயில்